ஸ்பேம், பாப்-அப், குக்கி அனுமதி: பயனரின் கவனத்தை நம்பிக் கட்டிய வலை

போலி மெயிலில் ஏமாந்தவருக்கும் குப்பை மெயிலால் சலித்துப்போனவருக்கும் கிடைப்பது ஒரே அறிவுரைதான்: கவனமாக இருங்கள். தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ‘ஏற்கிறேன்’ பட்டனை அழுத்தும் முன் முழுவதும் படியுங்கள். சொல்வதில் தவறில்லை. ஆனால் வேலைக்கு நடுவே ஒரு நாளில் பல பத்து முறை எடுக்க வேண்டிய முடிவுகளை ஒவ்வொருவரின் கவனத்தையும் நம்பி விட்டுவிடுவது பாதுகாப்பு ஏற்பாடே அல்ல. மெயிலிலும் பிரவுசரிலும் நாம் படும் எரிச்சல்களின் வரலாற்றைப் பார்த்தால், உண்மையிலேயே குறைந்த தொல்லைகள் எல்லாம் மெயில் சேவையோ பிரவுசரோ தானாகவே வேறு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கியபோது குறைந்தவை. பயனர்கள் உஷாரானதால் மறைந்த தொல்லை என்று ஒன்றையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

யார் பெயரில் வேண்டுமானாலும்

மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகும் நெறிமுறையின் பெயர் எஸ்எம்டிபி. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அதை ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதி வெளியிட்டார். அன்றைய வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் சொந்தமானவை. அதைப் பயன்படுத்தியவர்களில் பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அனுப்புபவர் தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற தேவை அப்போது எழவில்லை. எனவே எஸ்எம்டிபி உரையாடல் மிக எளிமையானது. அனுப்பும் சர்வர் ஓர் அனுப்புநர் முகவரியைச் சொல்லும், பெறுநர் முகவரியைச் சொல்லும், அப்புறம் மடலை ஒப்படைக்கும். ‘அந்த அனுப்புநர் நீதானா?’ என்று கேட்கும் படியே அதில் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லப்படும் அனுப்புநர் முகவரி வேறு, நம் திரையில் தெரியும் அனுப்புநர் முகவரி வேறு. தபால் உறையின் மேல் ஒரு முகவரியும், உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பில் வேறொரு முகவரியும் எழுத முடிவதைப் போலத்தான் இது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. வங்கியின் பெயரில் போலி மெயில் அனுப்புவது இத்தனை காலம் இவ்வளவு சுலபமாக இருந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

ஸ்பேம் எனும் குப்பை மெயில் எஸ்எம்டிபியை விடவும் மூத்தது. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், தன் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பார்க்க வருமாறு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். முகவரிப் பட்டியல் மிக நீளமாக இருந்ததால், அன்றைய மென்பொருள் அதைத் தாங்காமல் மீதி முகவரிகளை மடலின் உடலுக்குள்ளேயே கொட்டிவிட்டது. வலையமைப்பை நிர்வகித்தவர்களிடமிருந்து கண்டனம் வந்தது. ஆனால் அந்த மெயிலால் நல்ல விற்பனை நடந்தது என்று தூர்க் பின்னாளில் சொன்னார். கண்டனம் ஒரு பக்கம், வருமானம் மறுபக்கம் என்ற இந்தக் கணக்குதான் இன்றும் தொடர்கிறது.

ஆயிரம் மெயில் அனுப்புவதற்கும் பத்து லட்சம் மெயில் அனுப்புவதற்கும் அனுப்புபவருக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. சேமிக்கும் இடம், வடிகட்டும் கணினி நேரம், பார்த்துப் பார்த்து அழிப்பவரின் நிமிடங்கள் எல்லாம் பெறுபவரின் கணக்கில் போகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரியது என்பதை 2008-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஸ்டார்ம் என்ற பாட்நெட்டுக்குள் (வைரஸ் மூலம் கைப்பற்றி ஒரே இடத்திலிருந்து இயக்கப்படும் கணினிக் கூட்டம்) ஊடுருவி, அது பரப்பிய மருந்து விளம்பர ஸ்பேமில் ஒரு பகுதியைத் தாங்களே அமைத்த பாதிப்பில்லாத தளத்துக்குத் திருப்பிவிட்டு எண்ணினார்கள். 26 நாட்களில் சுமார் 35 கோடி மெயில்கள் போயின. வாங்க முயன்றவர்கள் 28 பேர். ஒன்றேகால் கோடி மெயிலுக்கு ஒருவர். வேறு எந்தத் தொழிலிலும் இந்த விகிதத்தில் கடையை மூட வேண்டியிருக்கும். ஸ்பேமில் அப்படி இல்லை. அனுப்பும் கணினிகளே பிறருடையவை. வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் உரிமையாளருக்குத் தெரியாமலே வேலை செய்துகொண்டிருந்தன. ஆகவே 28 பேரில் ஒருவராக நாம் இல்லாமலிருப்பதால் ஸ்பேம் நிற்காது. பெறும் கோடிக்கணக்கானோரில் ஒருவர்கூட வாங்காமல் இருந்தால்தான் நிற்கும். ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரை ஸ்பேமின் பொருளாதாரத்தைத் தொடவே முடியாது என்பது இதில் தெரிகிறது.

அதே ஆண்டு நவம்பரில் வேறொன்று நடந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்ற, பிறருக்கு சர்வர் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தில்தான் பெரிய பாட்நெட்டுகள் பலவற்றின் கட்டுப்பாட்டு சர்வர்கள் இருந்தன. அதற்கு இணைய இணைப்புக் கொடுத்து வந்த நிறுவனங்கள் நவம்பர் 11 அன்று இணைப்பைத் துண்டித்தன. உலகத்தின் ஸ்பேம் அளவு பாதிக்கும் கீழே விழுந்தது. சில மாதங்களில் வேறு சர்வர்கள் வழியாக அது மீண்டும் ஏறிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் இணைப்பைத் துண்டித்ததால் கிடைத்த பலன், அதுவரை எழுதப்பட்ட எச்சரிக்கைக் குறிப்புகள் அனைத்தும் சேர்ந்து தந்த பலனை விடப் பெரியது.

ஃபில்டரின் அமைதியான தவறு

2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொன்னார். தீரவில்லை. ஆனால் கண்ணில் படுவது வெகுவாகக் குறைந்தது. 2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரை இதில் திருப்பமாக அமைந்தது. தடை செய்த சொற்களின் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, நாம் ஸ்பேம் என்று ஒதுக்கிய மெயில்களிலும் நல்ல மெயில்களிலும் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு வருகிறது என்பதை மென்பொருளே கற்றுக்கொண்டு, புதிய மெயில் எந்தப் பக்கம் சேர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடும் முறையை அவர் விளக்கினார். இதே கருத்தில் 1998-லேயே ஆய்வுக் கட்டுரைகள் வந்திருந்தன. அதைச் சாதாரண மென்பொருள்கள் வரைக்கும் கொண்டுவந்தது இந்தக் கட்டுரைதான். ஸ்பேம் அனுப்புபவர்கள் பதிலுக்குச் சம்பந்தமில்லாத நல்ல சொற்களைக் கலந்தார்கள், எழுத்தைப் படமாக மாற்றினார்கள். ஃபில்டர்கள் சொற்களோடு நிற்காமல் அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதன் அடையாள எண்), டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வயது, அதே மெயிலைப் பெற்ற மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத் தொடங்கின. இன்று ஜிமெயில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுப்பதாக கூகுள் சொல்கிறது.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது தப்பி வரும் ஸ்பேம் அல்ல, தவறாகப் பிடிபடும் நல்ல மெயில். வேலைக்கான அழைப்பு, மருத்துவப் பரிசோதனை முடிவு, முதல் முறையாக எழுதும் ஒருவரின் விசாரணை எல்லாம் ஸ்பேம் ஃபோல்டரில் போய் விழுகின்றன. ஜிமெயில் 30 நாட்களுக்குப் பிறகு அவற்றைத் தானாக அழித்துவிடும். கொடுமை என்னவென்றால், அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்தது என்று அவர் நினைத்துக்கொள்வார். பதில் இல்லையே என்று ஒரு மனக்கசப்பு மட்டும் இருவருக்கும் நடுவில் மிஞ்சும்.

எஸ்எம்டிபியில் இதைவிட நேர்மையான வழி ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பெறும் சர்வர் மெயிலை வாசலிலேயே மறுத்து 550 என்ற குறியீட்டைத் திருப்பிச் சொல்லலாம். அப்படி மறுத்தால், ‘உங்கள் மெயில் போய்ச் சேரவில்லை’ என்ற அறிவிப்பு அனுப்பியவருக்கு வரும். அவர் தொலைபேசியில் அழைப்பார், வேறு முகவரிக்கு அனுப்புவார். சந்தேகத்துக்குரிய மெயில் அனைத்தையும் இப்படி மறுக்க முடியாது என்பதற்குச் சேவைகள் ஒரு காரணம் சொல்கின்றன. மறுப்பு தெரிந்தால் ஸ்பேம் அனுப்புபவர் அதை வைத்தே தன் உத்தியைச் சீர்செய்துகொள்வார் என்பது அந்தக் காரணம். நியாயமானதுதான். ஆனால் இப்போதைய ஏற்பாட்டில் அந்தப் பாதுகாப்புக்கான விலையைக் கொடுப்பவர்கள் தனி மனிதர்களும், சொந்த டொமைனில் மெயில் நடத்தும் சிறு அமைப்புகளும். புதிய டொமைன் என்பதே ஒரு சந்தேகக் குறி. ஒரே ஐபி முகவரியைப் பகிரும் வேறொருவர் ஸ்பேம் அனுப்பினால், அந்தக் கறையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அனுப்புநரை அடையாளம் காணும் வேலை மூன்று தவணைகளில் நடந்தது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006-இல் ஆவணமானது. மடலின் மீது டிஜிட்டல் கையொப்பம் இடும் டிகேஐஎம் 2007-இல் வந்தது. ஆனால் எஸ்பிஎஃப் சரிபார்ப்பது சர்வர்களுக்குள் சொல்லப்படும் முகவரியை மட்டும்தான். கையொப்பமும் வேறு டொமைனுடையதாக இருக்கலாம். திரையில் தெரியும் முகவரி அப்போதும் பொய்யாக இருக்க முடிந்தது. அந்த இடைவெளியை மூட 2012-இல் அறிவிக்கப்பட்டதுதான் டிமார்க். நம் கண்ணுக்குத் தெரியும் டொமைன் மேற்சொன்ன இரண்டில் ஒன்றோடாவது பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்பதை டொமைனின் உரிமையாளரே அறிவிக்கலாம் என்றது அது.

தொழில்நுட்பம் தயாராகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலானோர் இவற்றை அமைக்கவில்லை, கட்டாயம் இல்லாததால். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் சேர்ந்து கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். பெறுபவர்கள் ஸ்பேம் என்று புகார் சொல்லும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஒரே சொடுக்கில் விலகுவதற்கான தரநிலை 2017-லேயே எழுதப்பட்டுவிட்டது. விலக விரும்புபவரை மீண்டும் லாகின் செய்யச் சொல்லி, காரணம் கேட்டு, ‘பத்து வேலை நாட்களில்’ என்று இழுத்தடித்த நிறுவனங்கள் எல்லாம் தங்கள் மெயில் போய்ச் சேராது என்று தெரிந்ததும் ஒரு பட்டனை வைத்துவிட்டன.

இதனால் போலி மெயில் ஒழிந்துவிடவில்லை. டிமார்க் சொல்வது அனுப்பிய டொமைன் எது என்பதை மட்டும். அந்த டொமைன்காரர் நல்லவரா என்பதை அல்ல. ஒரு வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்கி, மூன்றையும் முறையாக அமைத்து அனுப்பினால் எல்லாச் சோதனையும் தேறிவிடும். அதற்கு மேல், பல கைபேசிச் செயலிகள் முகவரியை மறைத்து அனுப்புநர் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டுகின்றன. அந்தப் பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். முகவரியை உற்றுப் பார் என்று அறிவுறுத்துவதும், பார்க்க வேண்டிய முகவரியை ஒளித்து வைப்பதும் ஒரே துறைதான்.

மெயிலைத் திறந்ததையே உளவு பார்க்கும் படங்களையும் சொல்ல வேண்டும். ஒரு பிக்சல் அளவுள்ள படம், கண்ணுக்குத் தெரியாது. மெயிலைத் திறந்ததும் அது அனுப்புபவரின் சர்வரிலிருந்து இறங்கும். எத்தனை மணிக்கு, எந்த ஐபி முகவரியிலிருந்து என்பது அங்கே பதிவாகும். படங்களைத் தானாக இறக்காதே என்ற அமைப்பு வெகுகாலமாக இருக்கிறது, மாற்றியவர்கள் குறைவு. 2013 டிசம்பரில் ஜிமெயில் எல்லாப் படங்களையும் தன் சர்வர் வழியாகக் கொண்டுவரத் தொடங்கியதும் ஐபி முகவரி மறைந்தது. 2021-இல் ஆப்பிளின் மெயில் செயலி, அனுமதி தந்தவர்களுக்கு, மெயிலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிட ஆரம்பித்தது. யார் எப்போது திறந்தார்கள் என்ற கணக்கே நம்பத்தகாததாகிவிட்டது.

பிரவுசரில் கேட்கப்படும் அனுமதிகள்

1990-களின் பிற்பகுதியில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் ஜக்கர்மன், விளம்பரத்தைத் தனி விண்டோவில் திறக்கும் நிரலை எழுதினார். பக்கத்தில் இருக்கும் விஷயத்தோடு தங்கள் பெயர் சேர்ந்து தெரியக்கூடாது என்று விளம்பரதாரர்கள் விரும்பியதுதான் காரணம். 2014-இல் அதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பாப்-அப்களை மூடி மூடிச் சலித்த காலம் முடிந்தது பிரவுசர்களால்தான். ஓபரா, மோசில்லா போன்றவை தடுக்கத் தொடங்கின. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 வழியாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தானாகத் தடுத்தது. அதன் பிறகு விளம்பரங்கள் பக்கத்தின் உள்ளேயே, எழுத்தை மறைக்கும் பெட்டியாக வரத் தொடங்கின. அவை பக்கத்தின் சொந்த நிரலில் ஒரு பகுதி. எது தேவையான பெட்டி, எது தொல்லை என்று பிரவுசரால் எளிதில் பிரிக்க முடியாது. பழைய தொல்லை போய்ப் புதியது அந்த இடத்தில் உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம்.

‘இந்தத் தளம் உங்களுக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப விரும்புகிறது’ என்ற கேள்வியும் அப்படித்தான். 2015-இல் குரோமில் இந்த வசதி வந்தது. ஒரு தளத்துக்குள் நுழைந்த முதல் நொடியிலேயே, அது என்ன தளம் என்று தெரிவதற்கு முன்பே கேட்பது வழக்கமாகிவிட்டது. 2019-இல் மோசில்லா வெளியிட்ட கணக்கின்படி, ஃபயர்ஃபாக்ஸில் இந்தக் கேள்விகளில் 99 சதவீதம் ஏற்கப்படவே இல்லை. நூறு பேரைத் தொந்தரவு செய்தால் ஒருவர் சம்மதிக்கிறார். கேட்பதற்குச் செலவில்லை என்பதால் தளங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஸ்பேமின் அதே கணக்கு. 2020-இன் தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ், பயனர் பக்கத்தில் எதையாவது தொடும் வரை இந்தக் கேள்வியைக் காட்டுவதில்லை என்று மாற்றியது. குரோமும் அதே சமயத்தில் அடிக்கடி மறுக்கப்படும் தளங்களின் கேள்வியை ஒரு சிறு சின்னமாக ஒடுக்கியது.

குக்கி அனுமதிப் பெட்டி இவற்றைவிடச் சிக்கலானது. குக்கி என்பது ஒரு தளம் நம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி அதை உருவாக்கியபோது நோக்கம் எளியது: கடைக் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது தளம் மறந்துவிடக்கூடாது. ஒரு தளத்தின் குக்கியை அந்தத் தளம் மட்டும்தான் படிக்கும். ஆனால் ஆயிரம் தளங்களில் ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஒட்டியிருந்தால், அந்த நிறுவனம் தன் குக்கியை ஆயிரம் இடங்களிலும் படித்து ஒருவரின் நடமாட்டத்தைக் கோத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் தன் விதியைத் திருத்தி முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த அதன் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், அந்த அனுமதி உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும் என்றது. பச்சை நிறத்தில் பெரிய ‘ஏற்கிறேன்’, மூன்று படி உள்ளே ஒளிந்திருக்கும் ‘மறுக்கிறேன்’ என்ற வடிவமைப்பைச் சட்டம் கேட்கவில்லை. அது தளங்களின் தேர்வு. 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், மறுப்பது ஏற்பதைப் போல எளிதாக இல்லை என்ற காரணத்துக்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் ஐரோப்பாவில் ‘எல்லாவற்றையும் மறு’ என்ற பட்டனை அறிமுகப்படுத்தியது.

பிரவுசரே இதைத் தடுக்கலாமே என்றால், தடுக்கலாம். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் பார்க்கும் தளத்துக்குச் சொந்தமில்லாத குக்கிகளை, முழுக்க நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-லிருந்து பயனரைப் பின்தொடரும் நிரல்களில் அறியப்பட்டவற்றைத் தானாகத் தடுக்கிறது. கூகுளும் 2020 ஜனவரியில், குரோமில் இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுத்துவதாகச் சொன்னது. பிறகு 2023 என்றது, அப்புறம் 2024 என்றது. 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில், பயனரிடம் தனியாகக் கேட்கும் யோசனையையும் விட்டுவிட்டது. விளம்பரச் சந்தையில் போட்டி பாதிக்கப்படும் என்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் கவலையும் இதில் ஒரு காரணம், அதை மறைப்பது நியாயமில்லை. ஆனாலும் உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிரவுசரை நடத்துபவர் விளம்பர வருமானத்தில் வாழும் நிறுவனமாக இருக்கும்போது, அதன் இயல்பு அமைப்பு யார் பக்கம் சாயும் என்பதை இந்தக் கால அட்டவணையே காட்டுகிறது. ஸ்பேமில் அதன் நலனும் நம் நலனும் ஒன்றாக இருந்தன, வேலை நடந்தது. குக்கியில் இரண்டும் பிரிந்தன.

பிரவுசர் நினைவகத்தைத் தின்கிறது என்ற புகாரை மட்டும் நான் இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். 2008-இல் குரோம் ஒவ்வொரு டேப்பையும் தனிச் செயல்முறையாகப் பிரித்ததால் ஒன்று செயலிழந்தாலும் மற்றவை தப்பித்தன. 2018-இல் ஸ்பெக்டர் என்ற, கணினியின் ப்ராசஸரிலேயே இருந்த குறைபாடு வெளிவந்ததும், ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தைப் படிக்காதிருக்கத் தளவாரியாகவும் பிரித்தார்கள். நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. அது கொடுக்க வேண்டிய விலைதான்.

ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய அமைப்புகள் சில நம் கையிலும் உள்ளன. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் கேள்விகளை மொத்தமாக நிறுத்தலாம், மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கலாம், மெயிலில் வெளிப் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தலாம். ‘என்னைப் பின்தொடராதே’ என்று எல்லாத் தளத்துக்கும் ஒரேயடியாகச் சொல்லும் சமிக்ஞை ஒன்றை 2009-லிருந்தே முயன்றார்கள். மதிக்க வேண்டும் என்ற சட்டம் பின்னால் இல்லாததால் விளம்பரத் துறை அதை மதிக்கவில்லை. தரநிலை வகுக்க அமைத்த குழு 2019-இல் கலைந்தது. அதன் வாரிசான குளோபல் பிரைவசி கன்ட்ரோலுக்குக் கலிஃபோர்னியா சட்டத்தின் துணை உண்டு. அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாததும் ஒரு குற்றச்சாட்டாக இருந்த வழக்கில், செஃபோரா என்ற அழகுசாதன விற்பனை நிறுவனம் 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸில் அது செட்டிங்ஸிலேயே இருக்கிறது. குரோமில் தனியாக எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். 2025 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் கையெழுத்தான சட்டம், 2027 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பிரவுசரும் இந்த வசதியைத் தன்னுள்ளேயே தர வேண்டும் என்கிறது.